ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு

கண்ணாடிக் கடையின் கண் பரிசோதனை அறையில் நாள் முழுக்க அவள் கேட்பது ஒரே கேள்விதான். "இது தெளிவா தெரியுதா, இல்ல இதுவா?" நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். முதல்லதுதான் என்பார், ரெண்டாவது பரவாயில்லை என்பார், இன்னொரு தரம் காட்டும்மா என்பார். பேசவே கூச்சப்படும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட விரலை நீட்டிக் காட்டிவிடுவார்கள். இத்தனை பேரிடம் பதில் வாங்கத் தெரிந்தவளுக்கு, கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் மட்டும் ஒரு பதில் வாங்க முடியவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். ஒரு பெரியவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது. விருந்து மேசைக்கு விரிப்பு வெள்ளையா, நீலமா என்று காலையில் கேட்டிருந்தாள். மதியம் தாண்டி வந்திருந்த பதில் இது: "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. உனக்கு எது பிடிக்குதோ அதையே வெச்சுக்கலாம்."

"இது தெளிவா, இல்ல இதுவா?" என்று பெரியவரிடம் கேட்டாள்.

"என் மேல ஏம்மா எரிஞ்சு விழறே?" என்றார் பெரியவர்.

அவன் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவன். சுவரிலிருந்து பெயர்ந்த நகக்கண் அளவுத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாலும் போதும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பான். மெஷினில் இதில் இரண்டு சொட்டு, அதில் அரைச் சொட்டு என்று விடுவான். கலந்ததைத் துண்டின் ஓரமாகத் தொட்டு வைத்துக் காயவிட்டால் எது பழசு, எது புதுசு என்று கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வந்தவர்கள், "இந்த ரெண்டுல எது எங்க வீட்டுக்கு எடுப்பா இருக்கும் தம்பி?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும், உங்க விருப்பம்" என்பான்.

உண்மையைச் சொன்னால் அவனை அவளுக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். அவள் குடும்பத்தில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. இந்த உடுப்பு உனக்கு எடுக்காது, அந்தத் தோழி உனக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நடுவில் வளர்ந்தவளுக்கு, கண்ணாடிக் கடைச் சுவருக்குப் பெயிண்ட் வாங்கப் போனபோது கேட்டதைக் கேட்டபடி கலந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தவன் பாலைவனத்தில் பார்த்த பந்தல் மாதிரி இருந்தான். அவள்தான் முதலில் பேசினாள். அவள்தான் முதலில் வெளியே கூப்பிட்டாள். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டதும் அவள்தான். "சரி" என்றான்.

அந்த "சரி" இத்தனை மாதம் கழித்து அவள் தொண்டையில் முள்ளாகக் குத்த ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவன் சொன்ன சரிக்கு என்ன மதிப்பு? வேறொருத்தி கேட்டிருந்தால் அவளுக்கும் சரி என்றிருப்பானோ?

கல்யாணம் எளிமையாக. பகலில் பதிவு, சாயங்காலம் நெருங்கியவர்களுக்கு மட்டும் ஒரு மண்டபத்தில் விருந்து. மண்டபம் அவள் அப்பா பொறுப்பு, சாப்பாடு அவன் அம்மா பொறுப்பு. விருந்தில் பரிமாறும் வைனை மட்டும் "சின்னஞ்சிறுசுகளே பார்த்துக்கட்டும்" என்று பெருந்தன்மையாக இவர்கள் தலையில் கட்டியிருந்தார்கள். விலை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், குடிப்பவர்கள் முகம் சுளிக்கவும் கூடாது. சொல்வது சுலபம்.

அந்த சனிக்கிழமை இருவரும் வைன் கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமுடிக்குள் செருகிக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"எத்தனை பேரு?" என்றார் கடைக்காரம்மா.

"எழுபது பேர் வருவாங்க. ரொம்பச் செலவு பண்ண முடியாது" என்று முதலிலேயே போட்டு உடைத்தாள்.

"அதுக்கு ஏம்மா குரலைத் தாழ்த்தறே? இந்தக் கடையில பாதிப் பேர் அதுக்குத்தான் வராங்க." கடைக்காரம்மா அலமாரிப் பக்கம் நடந்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. பாட்டில் கனமா இருந்தா மயங்கிடாதே. அந்தக் கனம் கண்ணாடிக்கு, உள்ள இருக்கறதுக்கு இல்ல. பேர் வாங்கின ஊருன்னா பேருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும். அதுக்கு அடுத்த ஊரு இருக்கும் பாரு, அதே வெயிலு, அதே மண்ணு, பேரு மட்டும் இருக்காது. அங்கேதான் தேடணும்."

"கார்க் போட்டதா இருந்தா..." என்று இழுத்தாள்.

"கார்க்கோ திருகு மூடியோ, நாக்குக்கு என்ன தெரியப்போகுது? மூடியைப் பார்த்தா குடிக்கிறோம்?"

பின்பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அங்கே நின்றபடியே ஒவ்வொன்றாக ஊற்றிக் கொடுத்தார். வெளிர்சிவப்பில் ஒன்று, பழச்சாறு மாதிரி இனிப்பு. கரும்சிவப்பில் ஒன்று, நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. மூன்றாவது வெள்ளை. அதை ஒரு வாய் குடித்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி, மழை நின்ற உடனே ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது.

"இது! இதுதான்! உனக்கு?"

"நல்லா இருக்கு" என்றான்.

"அந்த இனிப்பு?"

"அதுவும் நல்லா இருந்துச்சு."

"துவர்ப்பு?"

"அது ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு."

கடைக்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி அரசியலுக்குப் போயிருக்கணும்" என்றார். "மூணுலயும் ஒவ்வொண்ணு கொண்டுபோங்க. வீட்டுல பெரியவங்களோட உட்கார்ந்து குடிச்சுப் பாருங்க. சரக்கு வண்டி வியாழக்கிழமை கிளம்பும், அதுக்குள்ள எதுன்னு சொல்லிடுங்க."

வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்ததுதான் அவர்கள் செய்த தப்பு.

ஞாயிறு மதியம் அவனும் அவன் அம்மாவும் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தைக்கு வாழ்க்கை முழுவதும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கோப்பைக்கு அடியில் வெள்ளைத்தாளை வைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஓரத்து நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் துவர்ப்பு வைனை வாயில் வைத்தார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இனிப்பு வைனில் இரண்டு ஐஸ் கட்டிகளைப் போட்டு மடக்கென்று குடித்துவிட்டு, "ஆஹா" என்றார்.

"ஐஸ் போட்டுட்டீங்களே சம்பந்தி!" அத்தைக்கு மனசு தாங்கவில்லை.

"போட்டா என்ன சம்பந்தியம்மா? வைன்னா லிஃப்ட் மாதிரி இருக்கணும். ஏறினதும் தெரியக்கூடாது, இறங்கினதும் தெரியக்கூடாது. உங்க பாட்டில் ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு இறங்குது."

"இனிப்புதான் வேணும்னா இருமல் மருந்து இருக்கே. அதுவும் சிவப்பாத்தான் இருக்கும்."

"நீங்க தாளை வெச்சு அப்படி என்னத்தைப் பார்க்கறீங்க? சர்க்கரை அளவா?"

"உங்க பாட்டில்ல அதைத்தான் முதல்ல பார்க்கணும்!"

"அத்தை, அந்த வெள்ளையை ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன்" என்று நடுவில் புகுந்தாள்.

இருவரும் குடித்துப் பார்த்தார்கள். "ம்" என்றார் அத்தை. "ம்" என்றார் அப்பா. அந்த ஒரு விஷயத்தில்தான் சம்பந்திகளுக்குள் ஒற்றுமை வந்தது.

"நாம எதுக்கு அடிச்சுக்கணும்? மாப்பிள்ளையே சொல்லட்டும்" என்றார் அப்பா.

"ஆமா. என் பையன் நாக்கு எப்படின்னு எனக்குத் தெரியும். சொல்லுடா."

மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். மேசைக்குக் கீழே அவள் காலால் அவன் காலை மிதித்தாள். அவன் ஒரு தடவை இனிப்பைப் பார்த்தான், ஒரு தடவை துவர்ப்பைப் பார்த்தான்.

"ரெண்டுமே ஒவ்வொரு விதத்துல..." என்று ஆரம்பித்தான். அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஸ்பூன்கள் பாத்திரத் தொட்டியில் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அத்தை ஆட்டோவில் கிளம்பிய பிறகு, அவனைப் பஸ் ஏற்றிவிட நடந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே? எது பிடிச்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உலகம் அழிஞ்சுடுமா?"

"எனக்கு வித்தியாசமே தெரியல. நீதானே சொல்வே, ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதுன்னா சரியான கண்ணாடி கிடைச்சாச்சுன்னு?"

"அது கண்ணுக்கு! இது நாக்குக்கு!" என்று கத்தினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த ஒருவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். "நாளைக்கு நமக்கு ஒரு பிள்ளை பிறந்து, உங்கம்மா ஒரு ஸ்கூல், எங்கப்பா ஒரு ஸ்கூல்னு நின்னா என்ன பண்ணுவே? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு ரெண்டுலயும் சேர்ப்பியா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முன்பெல்லாம் அவள் கோபத்தைக் கரைத்துவிடும். அன்றைக்குக் கரைக்கவில்லை.

"எங்க வீட்டுல எப்படின்னு உனக்குத் தெரியாது" என்றான், சிரிப்பு அடங்கிய பிறகு. "அப்பா இருந்தப்ப அவரும் அம்மாவும் ஆளுக்கொரு குழம்பு வைப்பாங்க. நான் எதை முதல்ல தொடறேன்னு ரெண்டு பேரும் பார்த்துட்டே இருப்பாங்க. எனக்கு இதுதான் பிடிக்கும்னு சொன்னா, யாருக்கோ எதிரா ஓட்டுப் போட்ட மாதிரி. ரெண்டையும் சோத்துல ஒண்ணாக் கலந்து சாப்பிடுவேன்."

"ருசி எப்படி இருக்கும்?"

"கேவலமா இருக்கும்."

பஸ் வந்தது. அவள் மனம் ஒரு கணம் இளகியது உண்மைதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அந்த முள் மறுபடியும் குத்தியது. பாவம்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தன்னிடமும் அவன் சோற்றைக் கலந்துதான் சாப்பிடுகிறானா? தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

புதன்கிழமை மதியம் கடைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உங்க வீட்டுல மாப்பிள்ளை ஒருத்தரா, ரெண்டு பேரா?"

"ஏங்க, என்னாச்சு?"

"காலையில உங்கப்பா கூப்பிட்டு இனிப்பு வைனுக்கு ஆர்டர் சொன்னாரு. மாப்பிள்ளைக்கு இதுதான் பிடிக்குமாம், அவரே சொன்னாராம். இப்ப மாப்பிள்ளையோட அம்மா கூப்பிட்டு துவர்ப்புக்குச் சொல்றாங்க. பையனுக்கு இதுதான் பிடிக்குமாம், அவரே சொன்னாராம். ஒரே மண்டபம், ஒரே நாள். நான் எதை ஏத்தறது?"

அவளுக்குக் காது சூடேறியது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அப்பாவோடு நின்று பாத்திரம் துடைத்துக் கொடுத்தானே, அப்போது அப்பா காதில் ஒன்று. அத்தையை மாடிப்படி இறக்கிக் கூட்டிப் போனானே, அப்போது அத்தை காதில் ஒன்று. வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் கேட்ட நிறத்தைக் கச்சிதமாகக் கலந்து கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"எதையும் ஏத்தாதீங்க. நான் வரேன்" என்றாள்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். மூன்று பாட்டில்களையும் மறுபடி கேட்டாள். கடைக்காரம்மா கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, அடியிலிருந்த பெட்டியைப் பிரித்து இன்னொன்றையும் எடுத்து வைத்தார்.

"இது இன்னைக்குத்தான் வந்துச்சு. விலை ரொம்பக் கம்மி. நானே இன்னும் குடிச்சுப் பார்க்கல. இதையும் கொண்டு போ. கொஞ்சம் குளிர வெச்சுக் கொடு."

பெயிண்ட் கடையில் மதிய நேரம் கூட்டம் குறைவு. டப்பாக்களைக் குலுக்கும் மெஷின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் கல்லாவைத் தாண்டி நேராகப் பின்னறைக்குப் போனாள். அங்கே நிற மாதிரி அட்டைகளும் கலக்குக் குச்சிகளும் மூடியில் நிறப்பொட்டு வைத்த டப்பாக்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. கவிழ்த்து வைத்த ஒரு பெரிய டப்பாவின் மேல் நான்கு காகிதக் கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றினாள். பாட்டில்களைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"கடைக்காரம்மா கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. எங்கப்பாகிட்ட என்ன சொன்னே, உங்கம்மாகிட்ட என்ன சொன்னே, எதையும் நான் கேட்கப் போறதில்லை. இங்கே அவங்க யாரும் இல்ல. குடி. எது பிடிச்சிருக்குன்னு சொல்லு. இன்னைக்கும் நீ சொல்லலைன்னா..." குரல் உடைந்தது. அவளுக்கே எரிச்சலாக இருந்தது. "சொல்லலைன்னா நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது? என்னையும் நான் கேட்டேன்னுதானே சரின்னே?"

அவன் முகம் மாறியது. முதல் கோப்பையை எடுத்தான். முகர்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டான். "இது மாமாவோடது" என்று கீழே வைத்தான். இரண்டாவதை எடுத்தான். "இது அம்மாவோடது." மூன்றாவது. "இது உன்னோடது."

நான்காவதை எடுத்து முகர்ந்தவன் புருவத்தைச் சுருக்கினான். ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். அதற்கப்புறம் அவன் கேட்ட கேள்வியைக் கேட்டு அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"இது யாருக்குப் பிடிச்சது?"

"யாருக்கும் இல்ல."

"அப்படின்னா?"

"யாரும் இதைக் குடிக்கவே இல்ல. நானும் குடிக்கல. கடைக்காரம்மாவே குடிக்கல. இதைப் பத்தி இந்த உலகத்துல இன்னும் யாரும் எதுவும் சொல்லல. நீதான் சொல்லணும்."

குலுக்கும் மெஷின் நின்றது. கடைக்குள் திடீரென்று அமைதி. அவன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். வழி தெரியாத ஊரில் இறங்கியவன் மாதிரி இருந்தது அவன் நின்ற நிலை. பிறகு மூன்றாவது வாயும் குடித்தான், இந்தத் தடவை நிதானமாக.

"லேசா இருக்கு" என்றான். "குடிக்கறப்ப ஒண்ணும் தெரியல. விழுங்கினப்புறம் ஒரு புளிப்பு வருது, மிளகு மாதிரி ஒரு சின்னக் காரம். சாப்பாட்டோட சண்டைக்குப் போகாது."

"சரி. பிடிச்சிருக்கா?"

அவன் கோப்பையை அவளிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்தாள். துளியும் பிடிக்கவில்லை. ஏதோ நல்ல வைன் இருந்த கோப்பையைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மறைக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் முகம் கோணிவிட்டது.

அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"உனக்குப் பிடிக்கலையா?"

பிடிச்சிருக்கு என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் அவன் உடனே ஆமாம் என்பான், பிரச்சினை தீரும். அந்த நினைப்பே கசந்தது.

"கொஞ்சமும் பிடிக்கல" என்றாள்.

முன்னால் யாரோ கல்லாவைத் தட்டி, "ஆள் இருக்காங்களா?" என்றார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான்.

"நிஜமா?"

"நிஜமா. மாமாவோடது பல்லுல ஒட்டுது. அம்மாவோடது குடிச்சா பேனா மையைக் குடிச்ச மாதிரி இருக்கு." ஒரு நொடி நிறுத்தினான். "உன்னோடதும் எனக்குப் பிடிக்கல. அன்னைக்கே பிடிக்கல."

"என்னது? அன்னைக்கு ரெண்டு கோப்பை குடிச்சியேடா!"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அது பழுக்காத ஆப்பிள். பல்லு கூசிப் போச்சு."

"பழுக்காத ஆப்பிளா? அதுல இருக்கற வாசனை உனக்குத் தெரியுமா? இந்தக் கழுவின தண்ணியைக் குடிக்கற நாக்குக்கு அதைப் பத்திப் பேச என்ன தகுதி இருக்கு?"

"நீதானே சொல்லச் சொன்னே!"

"சொல்லச் சொன்னேன். இப்படியா சொல்லச் சொன்னேன்?"

"வேற எப்படிச் சொல்றது? அப்புறம்... சொல்றதுதான் சொல்றேன், நம்ம படுக்கையறைக்கு நீ எடுத்த அந்தப் பச்சையும் எனக்குப் பிடிக்கல."

கல்யாணத்துக்கு அப்புறம் குடிபோகப் போகிற புது வீட்டின் அந்தச் சுவருக்கு அவனேதான் நிறம் கலந்தான். அவனேதான் இரண்டு பூச்சுப் பூசினான். பூசி முடித்ததும் எட்ட நின்று, "பிரமாதம்" என்றவனும் அவன்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்த கலக்குக் குச்சியை எடுத்துவிட்டாள். நல்லவேளை, காய்ந்த குச்சி.

"இன்னும் என்னென்ன இருக்கு, சொல்லித் தொலை!"

"இப்போதைக்கு இவ்வளவுதான். யோசிச்சா இன்னும் வரும்."

"முதல்ல போனை எடு" என்றாள். "கலந்து கொடுத்தவன் நீ. நீயே பிரிச்சு எடு."

அவன் முதலில் அவள் அப்பாவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"மாமா, அந்த இனிப்பு வைன் வேண்டாம்."

"ஏன் மாப்பிள்ளை? நீங்கதானே சூப்பர் மாமான்னீங்க?"

"பொய் சொன்னேன் மாமா."

"பரவாயில்லை" என்றார் அப்பா, லிஃப்ட் பாதியில் நின்றுபோன குரலில். "என் மேசைக்கு மட்டும் ரெண்டு பாட்டில் வாங்கிக்கறேன். ஐஸும் நானே கொண்டுவரேன்."

அடுத்து அவன் அம்மா. எண்ணை அழுத்துவதற்கு முன் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மா, அந்தத் துவர்ப்பு வைன் வேண்டாம். வேற ஒண்ணு சொல்லப் போறேன்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று உடனே கேட்டார் அத்தை. "அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்குதா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவன் முதல் தடவையாக வாய் திறந்தால் அதுவும் தன் கணக்கில்தான் விழ வேண்டுமா? போனைப் பிடுங்கலாமா என்று கையை நீட்டினாள். அவன் விலகிக்கொண்டான்.

"பக்கத்துலதான் நிக்கறா. அவளுக்கு இது சுத்தமாப் பிடிக்கலம்மா. கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னு திட்டறா. எனக்கு மட்டும்தான் பிடிச்சிருக்கு."

அத்தை விடவில்லை. குரலில் எரிச்சல் குறையவே இல்லை.

"சாகற வரைக்கும் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டே. கேட்டா பிடிவாதம்! அன்னைக்கு என் தோழியோட பொண்ணை வந்து பாருடான்னு சொன்னதுக்கும் இப்படித்தான். கண்ணாடிக் கடைப் பொண்ணைத் தவிர யாரையும் பார்க்க மாட்டேன்னு ஒரு வாரம் என்கூடப் பேசாம இருந்தே. அப்ப அந்தப் பொண்ணு பெயிண்ட் கேட்டதைத் தவிர உன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்துச்சா? அதுவும் கிடையாது. சரி, அந்தத் தண்ணியையே வாங்கு. நான் குடிக்க மாட்டேன்."

"குடிக்காதேம்மா" என்றான்.

போன் அணைந்தது. அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. அவள் கலக்குக் குச்சியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மனசுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. ஆனால் அது உட்கார்ந்த வேகத்திலேயே கோபம் அதன் மேல் ஏறிக்கொண்டது.

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"எதை?"

"எதைன்னா கேட்கறே? நான் பேசறதுக்கு முன்னாடியே... ஒரு வாரம் உங்கம்மாகிட்ட பேசாம... இத்தனை மாசமா நான் ராத்திரி தூங்காம..."

"நீ கேட்கவே இல்லையே" என்றான். உண்மையிலேயே திகைத்துப்போய்ச் சொன்னான்.

"ஆள் இருக்காங்களா இல்லையா?" என்றது கல்லாப் பக்கத்துக் குரல்.

"இருக்கோம்! கொஞ்சம் பொறுங்க!" என்று அவளே கத்தினாள். பிறகு தன் போனை எடுத்துக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டாள். ஆர்டர் அவள் பெயரில்தான் இருந்தது.

"முன்னாடி வந்த ரெண்டு ஆர்டரையும் அடிச்சுடுங்க. இன்னைக்குப் புதுசாக் கொடுத்தீங்களே, அதுவே போதும். எழுபது பேருக்கு. எங்கப்பாவுக்கு மட்டும் இனிப்புல ரெண்டு. எனக்கு அந்த வெள்ளையில ரெண்டு."

"அப்படியா? நல்லா இருந்துச்சா அது?" கடைக்காரம்மாவின் குரலில் ஆர்வம். "நான் இன்னும் குடிக்கலையே. எப்படிம்மா இருக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மிச்சம் வைத்திருந்த கோப்பையை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துக்கொண்டிருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல" என்றாள் அவள். "அதையே அனுப்புங்க."